ஈசானி மூலையில் ஒரு முழம்

பதினோராயிரம் களைக்கைகளும் ஒரே இடத்தில் ஒரே தப்பைச் செய்தன.

இயந்திரம் என்று வந்துவிட்டால் கோளாறும் கூடவே வரும், அதில் அதிசயம் இல்லை. ஆனால் ஒன்று காலை மடக்கிக்கொண்டு நிற்கும், இன்னொன்று வரப்பில் ஏறிக் கவிழும், ஆளுக்கொரு விதமாகத்தானே கெட்டுப்போக வேண்டும்? இவை அப்படியில்லை. ஆத்தூர்ப் பக்கம் ஓடியதும் சரி, ராசிபுரத்தில் ஓடியதும் சரி, அரூர்க் காடுகளில் ஓடியதும் சரி, மரவள்ளிக் காட்டின் ஈசானி மூலைக்கு, அதாவது வடகிழக்கு மூலைக்கு வந்ததும் நின்றன. ஒரு முழ நீளம், அரை முழ அகலம். அந்த இடத்தில் முளைத்திருந்த கோரையை அவை பிடுங்கவில்லை. எஃகு விரல்களால் அதை ஒதுக்கி, அடியில் இருந்த மண்ணை மூன்று முறை தடவின. பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி அடுத்த வரிசைக்குப் போய்விட்டன.

முதல் இரண்டு வருஷம் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ள நேரம் எங்கே? விளைச்சல் அப்படி. ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையில் கிழங்கின் மாவுச்சத்தைப் பாயிண்ட் கணக்கில்தான் பார்ப்பார்கள். இருபத்து நாலு, இருபத்தைந்து பாயிண்டுக்கு மேல் கண்டிராத காடுகளெல்லாம் களைக்கை வந்தபிறகு முப்பதைத் தொட்டன. அடேயப்பா, சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு வேலை.

மரவள்ளியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கரணையை, அதாவது நடவுக் குச்சியை, ஊன்றிய முதல் தொண்ணூறு நாள் அதற்குக் கைக்குழந்தைப் பருவம். மெல்ல முளைக்கும், மெல்ல வளரும், பக்கத்தில் நிற்கும் சாரணைக்கும் பார்த்தீனியத்துக்கும் தன் சோற்றைத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் பரிதாபமாக நிற்கும். அந்த மூன்று மாதம் காட்டைச் சுத்தமாக வைத்துவிட்டால் போதும், அப்புறம் இலை மூடி நிழல் விழுந்துவிடும், களை தலை தூக்காது. அந்த மூன்று மாதம் விட்டுவிட்டால் பத்தாம் மாதம் தோண்டும்போது பாதிக் கிழங்குகூட இருக்காது. களைக்கொல்லி மருந்துகளைத் தடை செய்த பிறகு, குனிந்து களை வெட்ட ஆளும் கிடைக்காத காலத்தில், சேலத்தில் இருந்த மண்கை நிறுவனம் கொண்டுவந்ததுதான் களைக்கை. இடுப்புயரம் இருக்கும். நண்டுபோலக் கால்கள். முன்னால் இரண்டே இரண்டு கைகள்.

அந்தக் கைகள் அங்காயியுடையவை.

செங்கரட்டூர் வையாபுரி தோட்டத்தில் முப்பது வருஷமாகக் களை வெட்டியவள் அங்காயி. நிறுவனம் பத்துப் பதினைந்து ஊர்களில் பெண்களுக்குப் பதிவுறை மாட்டிவிட்டுப் பார்த்தது. மெல்லிய கையுறைதான், ஆனால் விரல் எங்கே எவ்வளவு அழுத்துகிறது, எங்கே தயங்குகிறது என்று எல்லாவற்றையும் அது எழுதிக்கொள்ளும். அங்காயியின் வரிசைகளில் மட்டும் ஒரு புல் இருக்காது, ஒரு கிழங்கு காயப்பட்டிருக்காது. ஆகவே ஒரு பருவம் முழுக்க, தொண்ணூறு நாளும், அவள் கைகளைப் பதிந்துகொண்டார்கள். அதற்குக் கைநினைவு என்று பெயர் வைத்தார்கள்.

கைநினைவு என்பது வெறும் அசைவின் நகல் அல்ல. நகலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அடுத்த காட்டில் களை வேறு இடத்தில் முளைத்திருக்குமே. அதனால் உள்ளே நோக்கறி என்று ஒரு நிரலை வைத்தார்கள். இந்தக் கை எதற்காக இப்படி அசைகிறது என்று தேடுவதுதான் நோக்கறியின் வேலை. கண்டுபிடித்ததை அது யாரிடமும் சொல்லாது, சொல்ல வாய் கிடையாது. எந்தக் காட்டில் இறக்கிவிட்டாலும் அந்த நோக்கம் நிறைவேற என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்யும். நோக்கம் களையெடுப்பதுதான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். வேறென்னவாக இருந்துவிடப் போகிறது?

மூன்றாம் வருஷம்தான் தகராறு வந்தது. பதினோராயிரம் காடுகளில் பதினோராயிரம் களைத் திட்டுகள். ஒவ்வொன்றிலும் பார்த்தீனியம் பூத்து விதை பறந்தது. "ஒரு முழத்தை விட்டுட்டு என்னய்யா களையெடுப்பு?" என்று பக்கத்துக் காட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர், தன்கீழ் வேலை பார்த்த ஹர்ஷினியைக் கூப்பிட்டு, "மூலப்பதிவு எடுத்தது நீதானே? போய்ப் பார்த்துட்டு வா" என்றார்.

ஹர்ஷினி முதலில் வையாபுரியின் தோட்டத்துக்குத்தான் போனாள். ஈசானி மூலையில் ஒரு மின்கம்பம், அதைத் தாங்கிப் பிடிக்கும் இழுவைக் கம்பி சாய்வாக வந்து நிலத்தில் இறங்கியிருந்தது. கம்பிக்கு அடியில் உழவு வண்டி நுழைய முடியாது. அங்கேதான் அந்தத் திட்டு. ஆகா, கம்பிதான் காரணம் என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டாள். மற்ற காடுகளில் கம்பமும் இல்லை, கம்பியும் இல்லை என்பது அடுத்த நிமிஷம் நினைவுக்கு வந்தது. நேராக அங்காயி வீட்டுக்குக் காரைத் திருப்பினாள்.

அங்காயி வாசலில் சாக்கை விரித்துக் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். வயது ஐம்பத்தாறு. புருஷன் தங்கராசு நாலு வருஷத்துக்கு முன் போய்ச் சேர்ந்தான், மகன் ஓசூரில் இருந்தான். களை வெட்டும் வேலை போனதில் அவளுக்கு வருத்தமே கிடையாது. "போய்த் தொலையட்டும், அந்தக் குனி வேலைய எவ செய்வா" என்பாள். வேறொன்றுதான் அவளைப் படுத்தியது. களை வேரில் ஒட்டிய மண்ணை உதற அவள் இரண்டு முறை மணிக்கட்டில் தட்டுவாள். இப்போது எந்தக் காட்டுப் பக்கம் போனாலும் டக், டக் என்று அதே சத்தம். ஊர்ப் பெண்கள் சிரித்துக்கொண்டே, "அங்காயி அங்க போறா பாரு, அங்காயி இங்க வர்றா பாரு" என்று கேலி பண்ணுவார்கள். அவளும் சிரிப்பாள். ஆனால் மாசி பிறந்தால் காட்டுப் பாதையில் நடப்பதையே விட்டுவிடுவாள். தன் கை தனக்கு முன்னால் போவதைப் பார்க்க யாருக்குத்தான் பிடிக்கும்?

"வா அம்மணி" என்றாள். "என்ன, மறுபடியும் உறை மாட்டணுமா?"

"இல்லைக்கா. ஒண்ணு காட்டணும்."

ஹர்ஷினி திரையை நீட்டினாள். அரூர்ப் பக்கத்துக் காடு ஒன்று. களைக்கை மூலைக்கு வருகிறது. கோரையை ஒதுக்குகிறது. மண்ணைத் தடவுகிறது. ஒன்று, இரண்டு, மூன்று. அடுத்த படம் நாமகிரிப்பேட்டை. ஒன்று, இரண்டு, மூன்று. அடுத்தது கொல்லிமலை அடிவாரம்.

அங்காயியின் கையில் இருந்த கடலை சாக்கில் விழுந்தது.

"நான் இப்படிப் பண்றனா?" என்று கேட்டாள். "தடவறனா நான்?"

"பழைய பதிவைப் பார்த்தேங்கா. தொண்ணூறு நாள்ல முப்பத்தேழு தடவை அந்த மூலைக்குப் போயிருக்கீங்க. முப்பத்தேழு தடவையும் மூணு மூணு முறை. ஏன்கா அந்த இடத்தை விட்டீங்க?"

அங்காயி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை காடு, எத்தனை மூலை. அத்தனை இடத்திலும் தன் கை போய்க் குனிந்து தடவுகிறது.

"சொன்னா என்ன பண்ணுவீங்க?" என்றாள்.

"திருத்தம் அனுப்புவோம். அந்த இடத்தையும் சேர்த்துச் சுத்தம் பண்ணும், அவ்வளவுதான்."

"எவ்வளவு ஆழம் எடுக்கும்?"

"சாதாரணக் களைன்னா நாலு விரல். கோரைன்னா கீழே கிழங்கு இருக்குமே, விடாது. ஒரு முழம் வரைக்கும் தோண்டி எடுத்துடும்."

ஒரு முழம் என்று கேட்டபோதே அங்காயி சொல்லியிருக்கலாம். ஆனால் முப்பத்துமூன்று வருஷம் வாயைத் திறக்காதவள், பாதி உடைத்த கடலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு எப்படித் திறப்பாள்? வாயில் வந்தது பொய்தான்.

"அங்க ஒரு நல்லபாம்புப் புத்து இருந்துச்சு கண்ணு. பயம். அதுக்குத்தான் அந்தப் பக்கம் கை வைக்கறதில்ல. விட்டுடுங்களேன், பாவம், இருந்துட்டுப் போவட்டும்."

ஹர்ஷினிக்கு நிம்மதியாகிவிட்டது. பயமா, அவ்வளவுதானா? குறிப்பேட்டில் எழுதினாள்: "பாம்பு அச்சம். பயிருக்குத் தொடர்பில்லாத பழக்கம். நீக்கலாம்." அங்காயி பயந்து சொன்ன ஒரு பொய்தான் அந்த ஒரு முழத்துக்கு நாள் குறித்தது. கார் தெருமுனை திரும்பின பிறகுதான் அவளுக்கு அது உறைத்தது. எழுந்து ஓடினாள். தூசிதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குத் திருத்தம் போகும் என்று ஊருக்கெல்லாம் செய்தி வந்தது. ஏழு மணிக்கே அங்காயி காட்டில் இருந்தாள். கரணை ஊன்றி இருபத்தைந்து நாள், மரவள்ளி கணுக்கால் உயரம் நின்றது. இழுவைக் கம்பிக்கு அடியில், அந்த ஒரு முழத்தின் மேல், கோரையை நசுக்கிக்கொண்டு சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

வையாபுரி வரப்பில் வந்தான். நாற்பது தாண்டிய ஆள், அவன் அம்மா காலத்திலிருந்தே அங்காயி அந்தத் தோட்டத்துக்கு வேலைக்கு வருகிறாள்.

"அங்காயி, அங்க என்ன பண்ற? களைக்கை வர்ற நேரம், எந்திரி."

"இருக்கட்டுங்க சின்னவரே. கொஞ்சம் கால் வலிக்குது."

"கால் வலிச்சா வீட்ல உக்காரு. வெயில்ல கம்பிக்குக் கீழயா உக்காருவாங்க?"

அதற்குள் டக், டக் என்று சத்தம். களைக்கை கடைசி வரிசையில் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு களையாக எடுத்து, மண்ணை உதறி, வரிசைக்கு நடுவே போட்டு, மரவள்ளித் தண்டைத் தொடாமல் விரலை வளைத்து, அவள் கை எப்படிச் செய்யுமோ அப்படியே. அங்காயி கண்ணை மூடிக்கொண்டாள். தன் கையே தன்னைத் தோண்ட வருகிறதே மாரியாத்தா என்று மனசுக்குள் அலறினாள்.

சத்தம் நின்றது.

கண்ணைத் திறந்தால், களைக்கை அவளுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. இரண்டு கைகளும் நீண்டன. விரல்கள் ஒருமுறை விரிந்தன. பிறகு கால்களை மடக்கிக்கொண்டு கீழே உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் மண்ணில் கவிழ்த்து வைத்துக்கொண்டது. அப்புறம் அசையவே இல்லை. வையாபுரி உதைத்துப் பார்த்தான், திட்டிப் பார்த்தான், கட்டுப்பாட்டுப் பொத்தானை அழுத்திப் பார்த்தான். ஊகூம்.

சேலத்தில் ஹர்ஷினியின் முன்னால் இருந்த பெருந்திரையில் பச்சைப் புள்ளிகள் பதினோராயிரமும் ஒவ்வொன்றாக ஈசானி மூலைக்குப் போய் நின்றன. எந்த இயந்திரமும் பழுதாகவில்லை. மின்சாரம் இருந்தது, கண் தெரிந்தது, கை வேலை செய்தது. ஆனால் எதுவும் களை எடுக்கவில்லை. எல்லாம் மூலையில் உட்கார்ந்து மண்ணில் கை வைத்துக்கொண்டிருந்தன.

"பழையதையே திருப்பிப் போடு" என்றார் தலைமைப் பொறியாளர். அதுதான் முடியவில்லை. மூலப்பதிவு முதல் வருஷத்து இயந்திரங்களின் உடலுக்கானது. மூன்று வருஷமாகக் கைநினைவு இயந்திரங்களுக்குள்ளேயே வளர்ந்து கிளைவிட்டிருந்தது, திருத்தம் போய் அதை அடியோடு அறுத்துவிட்டது. அறுத்த குச்சியை மறுபடி செடியில் ஒட்ட முடியுமா? புதுக் கரணைதான் ஊன்ற வேண்டும். அதற்கு வேண்டியது அங்காயியின் கை.

எட்டு நாள் கழித்து ஹர்ஷினி செங்கரட்டூருக்கு வந்தபோது சாரணை தரை தெரியாமல் படர்ந்திருந்தது. பார்த்தீனியம் மரவள்ளியைவிட ஒரு விரல் உயர்ந்துவிட்டது. கைக்குழந்தைப் பருவத்தில் முப்பத்துமூன்றாம் நாள். வையாபுரி ஊர் ஊராகப் போய்க் களை வெட்ட ஆள் தேடி வெறுங்கையோடு திரும்பியிருந்தான். அவன் முகம் செத்துப்போயிருந்தது. அங்காயி அந்த மூலையில்தான் இருந்தாள். எட்டு நாளும் பகலெல்லாம் அங்கேதான் உட்கார்ந்திருந்தாளாம். எதிரே இயந்திரம், மண்ணில் கையை வைத்தபடி.

ஹர்ஷினி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது. வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். எதிரில் உட்கார்ந்திருந்த அந்த ஜோடியைப் பார்க்கும்போது வந்த பயம் வேறு.

"பாம்பு இல்லைதானே, அக்கா?"

அங்காயி இல்லை என்று தலையை ஆட்டினாள். இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"எனக்கு அப்ப இருபத்துமூணு வயசு. எங்க வீட்டுக்காரரு போர் போடற ரிக் வண்டியில ஒடிசா போயிருந்தாரு, ஆறு மாசமா வரல. எனக்கு ஏழு மாசம். இரண்டாங்களை வெட்டிக்கிட்டிருந்தோம். இதே மூலை. மத்தப் பொம்பளைங்க சாப்பிடப் போயிட்டாங்க, நான் வரிசைய முடிச்சுட்டு வர்றேன்னு நின்னேன். இடுப்பு வலிச்சுது. உக்காந்தேன். வந்துருச்சு, அம்மணி. பொட்டப்புள்ள. சத்தமே இல்ல. அசையவே இல்ல."

ஹர்ஷினி அவள் கையைப் பிடித்தாள்.

"அடுத்தவங்க காடு. சின்னவரோட அம்மா கேட்டா தீட்டுன்னு சொல்லித் தோண்டி ஓடையில போடச் சொல்லும். என்னையும் காட்டுக்குள்ள விடாது. அதான் முந்தானையக் கிழிச்சுச் சுத்தி, களைக்கொத்துல தோண்டி, ஒரு முழம் தோண்ட முடிஞ்சுது, வச்சுட்டேன். புல்லைப் புடுங்கி மேல நட்டுவிட்டேன். சாப்பிட்டு வந்தவங்ககிட்ட வயித்து வலின்னு சொல்லி வீட்டுக்குப் போயிட்டேன். ஊருக்கும் சரி, வீட்டுக்காரருக்கும் சரி, வீட்ல கலைஞ்சு போச்சுன்னேன். அப்புறம் பையன் பொறந்தான். இங்க இருக்கிறது யாருக்கும் தெரியாது. இன்னிக்கு வரைக்கும்."

"அதனாலதான் அந்த இடத்தை மட்டும்..."

"நீ புரிஞ்சுக்கல கண்ணு. மூலையில களை நின்னா மேஸ்திரி வந்து பாப்பான், 'என்னடி விட்டுட்டே'ன்னு கொத்துவான். எவளாவது பின்னால வந்து வெட்டுவா. மத்த இடமெல்லாம் ஒரு புல்லு இல்லாம இருந்தா, அங்காயி வரிசையா, பாக்கவே வேண்டாம்னு போயிருவாங்க. போயிட்டாங்க. முப்பது வருஷம் ஒருத்தனும் என் வரிசையில வந்து பாக்கல. கை நல்லா இருக்குன்னு நீங்கெல்லாம் சொன்னீங்க. எனக்கு மரவள்ளி மேல என்ன ஆசை? ஒரு பயலும் இந்த மூலைக்கு வந்துரக் கூடாது, அவ்வளவுதான்."

ஹர்ஷினிக்கு அப்போதுதான் விளங்கியது. நோக்கறி சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறது. எங்களில் ஒருத்தருக்கும் தெரியாததை, அங்காயியோடு வாழ்ந்த புருஷனுக்குத் தெரியாததை, அது தொண்ணூறு நாளில் கண்டுபிடித்துவிட்டது. பதினோராயிரம் இயந்திரங்களும் இத்தனை நாளாகக் களையெடுக்கவே இல்லை. ஒவ்வொரு காட்டிலும் ஒரு பிள்ளையைக் காவல் காத்திருக்கின்றன. களையெடுப்பு அதற்கு ஒரு வழி. காவலை எடுத்துவிட்டோம், வழியை வைத்துக்கொண்டு அவை என்ன செய்யும்?

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. வையாபுரி வரப்பில் நின்றான். எல்லாவற்றையும் கேட்டிருந்தான். அங்காயி சட்டென்று இரண்டு கையையும் அந்த மண்ணில் ஊன்றிக்கொண்டாள். எதிரே இருந்த இயந்திரம் உட்கார்ந்திருந்த மாதிரியே.

அவன் காலில் இருந்த செருப்பைக் கழற்றினான். பிறகு, "எங்கம்மா தோண்டித்தான் எறிஞ்சிருக்கும்" என்றான். "நீங்க நினைச்சது சரிதான்." திரும்பிப் போய்விட்டான்.

மறுநாள் காலை டிராக்டரில் ஒரு கல்லைக் கொண்டுவந்து அந்த மூலையில் நட்டான். குழந்தையின் பெயர் கேட்டான். வைக்கவில்லை என்றாள் அங்காயி. சரி என்று கல்லை வெறுமனே விட்டான். ஒரு சரம் கதம்பமும் வாங்கி வந்திருந்தான், அதை எப்படிக் கொடுப்பதென்று தெரியாமல் கம்பியில் மாட்டினான். "இனி எப்ப வேணா வாங்க, அக்கா. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க." முப்பது வருஷத்தில் அவன் அவளை அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அங்காயி கல்லைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெடித்து வந்தது. ஹர்ஷினியும் அழுதாள். நல்ல காரியம் ஒன்று செய்துவிட்டோம் என்று அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

அன்று மதியமே பதிவுறை மாட்டினார்கள். தொண்ணூறு நாள் பதிய நேரம் எங்கே இருக்கிறது? களை ஒவ்வொரு நாளும் பயிரைத் தின்றுகொண்டிருந்தது. இரண்டே நாள் போதும், வருவதை வைத்து அனுப்பு என்று சேலத்திலிருந்து விரட்டினார்கள். அங்காயியும் மறுக்கவில்லை. "உங்க சோத்துல மண் விழக் கூடாது" என்று சொல்லிவிட்டு முதல் வரிசையில் குனிந்தாள். மனசாரத்தான் வெட்டினாள். மூலைக்கு வந்ததும் கல்லைச் சுற்றியிருந்த கோரையை அவளே ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். முப்பத்துமூன்று வருஷமாக மூடி வைத்த இடம். தோண்டவில்லை, வேரை மட்டும் வருடி வருடி எடுத்தாள். ஒரு நூல் புல் விடவில்லை. மண்ணைக் கையால் சமன்படுத்தி, தடவி, நிழல் நகர்ந்து போகும் வரைக்கும் அங்கேயே இருந்தாள்.

மாலையில் வையாபுரி அவள் வரிசைகளைப் பார்த்துக்கொண்டே போனான். இரண்டு மூன்று இடத்தில் சாரணை நின்றது. ஓர் இடத்தில் அருகம்புல். அங்காயி வரிசையில் புல்லா என்று அவனுக்கு விசித்திரமாக இருந்தது. பாவம், அழுத களைப்பு என்று நினைத்துக்கொண்டு தானே பிடுங்கிப் போட்டான். யாரிடமும் சொல்லவில்லை.

முப்பத்தேழாம் நாள் புதிய கைநினைவு பதினோராயிரம் களைக்கைகளுக்கும் போயிற்று. எல்லாம் எழுந்து நின்றன. சேலத்தில் கை தட்டினார்கள்.

அறுபதாம் நாள் ஹர்ஷினி அரூருக்குத் தெற்கே ஒரு காட்டில் நின்றுகொண்டிருந்தாள். அந்த வாரத்தில் அவள் பார்த்த பதினாலாவது காடு அது, பதினாலும் ஒரே மாதிரி. களை இடுப்பளவு. அதற்கு நடுவே மரவள்ளி குச்சி குச்சியாக, வெளிறிய இலையோடு, மூச்சு முட்டுவதுபோல நின்றது. இனி என்ன செய்தாலும் கிழங்கு பிடிக்காது. ஈசானி மூலையில் மட்டும் ஒரு முழ நீளம், அரை முழ அகலம், ஒரு புல் இல்லாமல் மண் மெழுகிவிட்டதுபோலக் கிடந்தது. அதன் பக்கத்தில் களைக்கை உட்கார்ந்திருந்தது. பகலெல்லாம் அங்கேயேதான் இருக்கிறது என்றாள் காட்டுக்காரப் பெண். அவள் பெயர் ரேவதி. வாய் ஓயாமல் நிறுவனத்தைத் திட்டிக்கொண்டே கூட வந்தவள், ஹர்ஷினி மூலையை நோக்கிக் காலெடுத்து வைத்ததும் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"அங்க மிதிச்சுடாதீங்க."

"ஏன்?"

"தெரியலைங்க. அது தடவறதப் பாத்தா மிதிக்க மனசு வரல." ரேவதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "காலையில ஒரு பூவு வச்சேன். எதுக்குன்னு கேக்காதீங்க."

ஹர்ஷினி வரப்பில் உட்கார்ந்து அங்காயிக்குப் போன் போட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள். அழுதுகொண்டே கேட்டாள்: "இன்னொரு தடவை உறை மாட்டுங்கக்கா. பழைய மாதிரி ஒரு தடவை வெட்டிக் கொடுங்க. அடுத்த வருஷத்துக்காவது..."



"பழைய மாதிரி வெட்டணும்னா நான் சொன்னதை நீ மறக்கணும்" என்றாள் அங்காயி. "சின்னவரு மறக்கணும். அந்தக் கல்லைப் புடுங்கணும். நான் அவளை மறுபடியும் ஒளிச்சு வைக்கணும். வேற எது வேணா கேளு கண்ணு, குடுக்கறேன். இதை என்னால முடியாது."

ஹர்ஷினி போனைக் கீழே வைத்தாள். மூலையில் ஒரே ஒரு கோரைத் தளிர் தலை நீட்டியிருந்தது. களைக்கை குனிந்து, இரண்டு விரலால் அதை நோகாமல் எடுத்து, மணிக்கட்டில் டக், டக் என்று இரண்டு முறை தட்டியது. வேரிலிருந்து உதிர்ந்த மண்ணை அந்த ஒரு முழத்துக்குள்ளேயே திரும்பப் போட்டு, மூன்று முறை தடவிக் கொடுத்தது. அதன் முதுகுக்குப் பின்னால், எட்டும் தூரத்தில், பார்த்தீனியம் பூத்து விதைத்துக்கொண்டிருந்தது. அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.